பாதி வாரண்டி என்று ஒன்று கிடையாது



நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள். "டீச்சர், காரு சரியாயிருச்சா?" என்று போனிலும் கல்யாண வீடுகளிலும் கேட்டு நிறையப் பேருக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஆளுக்கு ஆள் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. அதோடு, சொந்தத்துக்குள்ளேயே என்னைப் பிடிவாதக்காரி என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

2025 ஜூன் மாதம், திருச்செந்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முக்காணி தாண்டி, பழையகாயலுக்கு முன்னால், ஸ்டியரிங்கிற்குப் பின்னால் இருக்கிற டிஸ்ப்ளே பொசுக்கென்று அணைந்துவிட்டது. வேகம் தெரியவில்லை, பெட்ரோல் தெரியவில்லை, இன்ஜின் சூடு தெரியவில்லை. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருட்டு வேறு. லைட் ஹை பீமில் இருக்கிறதா, லோ பீமில் இருக்கிறதா என்றுகூட எதிரே வருகிறவன் திட்டினால்தான் தெரியும். ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி பளிச்சென்று வந்துவிட்டது.

கார் வாங்கியது 2023 ஜூலையில். மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. ஓடியிருப்பது முப்பதாயிரத்துக்கும் கீழே. அதனால் கவலைப்படாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். (கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் எழுத மாட்டேன். கமெண்டில் நீங்களும் ஊகித்து எழுத வேண்டாம்.)

முதல் தடவை போனபோது டிஸ்ப்ளே நன்றாக எரிந்தது. "இப்போ ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் சர்வீஸ் அட்வைசர். நல்ல பையன்தான். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "சார் வரலையா?" என்று கேட்டார். சாருக்கு கார் ஓட்டத் தெரியாது என்றேன். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்துப் பேசினார். ஜாப் கார்டில் 'பொதுச் சோதனை, குறை ஏதும் இல்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நானும் போட்டுவிட்டேன்.

அந்தக் கையெழுத்துதான் நான் செய்த பெரிய தப்பு.

முப்பத்து நான்கு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். பதிவேட்டில் இல்லாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தாலும் ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு அவன் ஆப்சென்ட். ஜாப் கார்டும் அதே மாதிரிதான். 'டிஸ்ப்ளே ஓட்டத்தில் அணைகிறது' என்று நம் வாயால் சொன்னது, நம் வார்த்தையிலேயே அதில் ஏறவில்லை என்றால், நாம் புகாரே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டாவது தடவை போனபோது "இதுக்கு முன்னாடி இப்படி ஒரு கம்ப்ளைண்டே இல்லையேம்மா" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்து என்னுடையது.

இரண்டாவது தடவையிலிருந்து நான் மாறிக்கொண்டேன். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அணையும்போதெல்லாம் வீடியோ எடுக்கச் சொன்னேன். (ஓட்டுகிறவர்கள் எடுக்காதீர்கள், தயவுசெய்து.) எந்தத் தேதி, எத்தனை மணி, வெயிலா மழையா, எத்தனை கிலோமீட்டரில் அணைந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஜாப் கார்டில் நானே சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் என்ன கோளாறு எண் வந்தது என்று பிரிண்ட் கேட்டேன். முதலில் தர யோசித்தார்கள், பிறகு தந்தார்கள். ஒருதரம், தெய்வாதீனமாக, அவர்கள் ஆள் ஓட்டிப் பார்க்கும்போதே அணைந்துவிட்டது. அதன் பிறகு 'குறை இல்லை' என்று சொல்ல வழியில்லை.

சரி, இனி மாற்றித் தருவார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் வெள்ளம் வந்தது. அதாவது 2023 டிசம்பர் வெள்ளம்.

"மேடம், வாரண்டியில வராது. தண்ணி உள்ள போயிருக்கு. வெள்ளத்துல நின்ன வண்டி."

அந்த டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆனால் கார் அப்போது தூத்துக்குடியிலேயே இல்லை. மகள் பிரசவத்துக்காக 15-ஆம் தேதியே மதுரைக்குக் கொண்டுபோய்விட்டோம். சொன்னேன். சிரித்தார்கள். "தூத்துக்குடி வண்டின்னா வெள்ளத்துல நின்னதுதான் மேடம், எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க."

என்னைக் கோபப்படுத்தியது அந்தச் சிரிப்புதான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். வண்டி மதுரையில் இருந்ததற்கு என்ன சாட்சி? மகள் சாட்சி சொன்னால் எடுபடாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வந்தது: ஃபாஸ்டேக். பாங்கின் இணையதளத்தில் கணக்கை எடுத்தால், புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடி, எலியார்பத்தி சுங்கச்சாவடி, 15-ஆம் தேதி போனது, 27-ஆம் தேதி திரும்பியது, மணி நிமிஷத்தோடு இருக்கிறது. டோல்கேட்டில் காசு பிடுங்குகிறார்கள் என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! அன்றைக்கு அந்த ரசீதுகளைப் பார்த்துக் கும்பிடாத குறை.

வெள்ளம் போய்விட்டது. அடுத்து உப்பு வந்தது.

வாரண்டி புத்தகத்தில், சின்ன எழுத்தில், எதெல்லாம் சேராது என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் அமில மழை, ரசாயனத் தூசு, மரப்பிசின் இவற்றோடு உப்பும் இருக்கிறது. பல கம்பெனிப் புத்தகங்களில் இந்த மாதிரி வரி உண்டு. "கடல் காத்து மேடம், கனெக்டர் அரிச்சிருக்கும்" என்றார்கள். அரித்திருக்கிறது என்று சொல்லவில்லை, அரித்திருக்கும் என்றார்கள்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் உப்பு ஊர். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில்தான் விளைகிறது. முள்ளக்காட்டிலிருந்து ஆறுமுகநேரி வரைக்கும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பாத்திதான். ஷோரூம் இருப்பதே கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். என் முகவரியை எழுதி வாங்கி, இந்த ஊர்ப் பதிவு எண்ணில் விற்றுவிட்டு, உப்புக் காற்று பட்டால் வாரண்டி இல்லை என்று சொன்னால், அதற்கு என்ன பொருள்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டு, படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாடம் நடத்த மாட்டோம் என்று சொல்வது போல. உப்பில் நிற்கிற மாதிரி கார் செய்யத் தெரியாதா இவர்களுக்கு? உப்புநீரைப் பனியாகத் தெளித்து உதிரிபாகங்களைச் சோதிப்பது இந்தத் தொழிலில் எத்தனையோ காலமாக இருக்கிற வழக்கம். கடலிலேயே நிற்கிற கப்பலில் மின்சாதனம் இல்லையா? தெரியும். தெரிந்தும் அந்த வரியைப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். வெளியே நிற்கிற பெயிண்டும் இரும்பும் துருப்பிடித்தால் கொஞ்சம் யோசிக்கலாம். கேபினுக்குள், கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற டிஸ்ப்ளேவுக்குமா?

நம் ஊர் முத்துச் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கூவுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று எடுத்தவன் பாடு. 1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை என்பதால் நானும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான். அந்த வியாபாரத்தில் ஏமாற்று இல்லை, அதிர்ஷ்டத்தைத்தான் வாங்குகிறோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். கார் ஷோரூமில் யாரும் அப்படிச் சொல்லி விற்பதில்லையே. மூன்று வருஷம் நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, அதற்கும் சேர்த்துத்தான் விலை வாங்குகிறார்கள்.

உப்பு விஷயத்தில் எனக்கு உதவியது என்னுடைய பழைய மாணவன் ஒருவன். ஆட்டோ எலக்ட்ரீசியன். பெயர் போட்டால் கூச்சப்படுவான். அவனிடம் "நீயே கழற்றிப் பாரேன்" என்றேன். "அய்யோ டீச்சர், நான் ஒரு ஸ்க்ரூ திருப்புனா போதும், வெளி ஆளு கை வச்சாச்சுன்னு அதையே சாக்காச் சொல்லிருவாங்க" என்று தொடவே மாட்டேன் என்றுவிட்டான். ஆனால் ஒரு யோசனை சொன்னான். "அவங்க கழட்டும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. கனெக்டர் பின்னை போட்டோ எடுங்க. உப்போ தண்ணியோ போயிருந்தா செம்புல பச்சை பூத்திருக்கும். இல்லேன்னா உள்ள போர்டுலதான் கோளாறு." நின்றேன். எடுத்தேன். பின் எல்லாம் புதுக் காசு மாதிரி மின்னியது.

கணக்கில் மூன்றாம் வகுப்பு வரை தடவிக்கொண்டிருந்த பையன். நன்றி தம்பி.

இத்தனைக்கும் பிறகு, அக்டோபரில் மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. டிஸ்ப்ளே விலை 41,000 ரூபாய். வாரண்டியில் தர முடியாது, ஆனால் வாடிக்கையாளர் மீது உள்ள நல்லெண்ணத்தின் அடிப்படையில் பாதியைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும், மீதியை நான் கட்ட வேண்டும்.

பிடிவாதக்காரி என்ற பட்டம் எனக்கு வந்தது இங்கேதான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் கொழுந்தனார், "மதினி, பாதிக்குப் பாதி குடுக்கான். இருபதாயிரத்தைக் கட்டிட்டு வண்டியை எடுத்துட்டு வாங்க. இந்த வயசுல கோர்ட்டு கேஸுன்னு அலையப் போறீங்களா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதே கோளாறுக்கு இதே மாதிரி பாதி கட்டிய ஒருவரை அந்த சர்வீஸ் சென்டரிலேயே பார்த்தேன். டாக்சி ஓட்டுகிறவர். வண்டி ஒரு நாள் நின்றால் அவருக்கு ஒரு நாள் சோறு இல்லை. அவர் கட்டியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு பென்ஷன் வருகிறது, வண்டி நின்றால் பஸ்ஸில் போவேன். காத்திருக்க முடிகிறவர்கள்தான் இதைக் கேட்க வேண்டும் என்று அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறுதியாகத் தோன்றியது.

நல்லெண்ணம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அது வாரண்டி என்றால் அவர்கள் எனக்குக் கடன்பட்டவர்கள். நல்லெண்ணம் என்றால் நான் அவர்களுக்குக் கடன்பட்டவள். 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால், குறை கம்பெனியுடையது இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆறு மாதத்தில் அதே டிஸ்ப்ளே மறுபடி அணைந்தால் எதைக் காட்டிக் கேட்பேன்?

இன்னொன்றும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவு வந்தது. ஒரு மாடலில் ஓட்டுகிறவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து வரக்கூடிய கோளாறு இருந்தால், எல்லா வண்டியையும் திரும்ப அழைத்துச் சரிசெய்யச் சொல்லி அரசே உத்தரவு போடலாம். அதற்கு வண்டிக்காரர்களின் புகார் எண்ணிக்கையும் ஒரு கணக்கு. பாதிப் பணத்தைக் கட்டி ஒவ்வொருவரும் அமைதியாகப் போய்விட்டால் அந்த எண்ணிக்கை எப்படி ஏறும்?

டிஸ்ப்ளே என்ன பெரிய ஆபத்தா என்று கேட்கிறவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதிகள் 117-இன்படி வேகமானி இல்லாமல் வண்டி ரோட்டில் போகக் கூடாது. சும்மா பாட்டுப் பெட்டி கெட்டுப்போன விஷயம் இல்லை. 2025 நவம்பரில் மாருதி சுசூகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. மீட்டரில் பெட்ரோல் அளவும் அதற்கான எச்சரிக்கை விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். அதே மாதம் டொயோட்டாவும் 11,529 ஹைரைடர் கார்களை இதே போன்ற மீட்டர் கோளாறுக்காக அழைத்தது. இலவசமாகச் சரிசெய்து தருவதாக இரண்டு கம்பெனியும் சொன்னார்கள். நல்ல காரியம். வெறும் பெட்ரோல் முள்ளுக்கே அப்படி என்றால், மொத்தமும் இருட்டாகிறதுக்கு?

அமெரிக்காவில் டெஸ்லா கதை இன்னும் தெளிவானது. நடுவில் இருக்கிற பெரிய திரைக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று எழுதி எழுதித் தேய்ந்து போய், திரை இருண்டுவிடும். பின்பக்கக் கேமரா போய்விடும், கண்ணாடிப் பனியை நீக்குகிற வசதி போய்விடும். கம்பெனி முதலில் வாரண்டியை நீட்டித் தருகிறோம் என்றது. அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, இது பாதுகாப்புக் குறை என்று சொல்லித் திரும்ப அழைக்கும்படி கேட்டது. 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 1,35,000 கார்களை அழைத்தார்கள். வாரண்டியை நீட்டுவது கம்பெனியின் தயவு, திரும்ப அழைப்பது அதன் கடமை என்று அங்கே ஒருவர் நின்று சொன்னார் பாருங்கள்.

நம் ஊருக்கே இது இனிமேல் சொந்த விஷயம். சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்தது. நம் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள், பெருமையாக இருக்கிறது. அந்தக் கம்பெனியே 2023 மே மாதம் அமெரிக்காவில் 999 விஎஃப் 8 கார்களை, டேஷ்போர்டு திரை இருண்டுபோகக்கூடிய சாஃப்ட்வேர் கோளாறுக்காகத் திரும்ப அழைத்திருக்கிறது. குறையைச் சொல்லிக் காட்ட எழுதவில்லை. குறை வராத கம்பெனி கிடையாது, வந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே வேலை பார்க்கிற என் மாணவர்களே, வயரை மாட்டும்போது டீச்சர் இந்த வண்டியை ராத்திரி பழையகாயல் ரோட்டில் ஓட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

கதைக்கு வருகிறேன். பாதிப் பணத்தை மறுத்து, ஷோரூமுக்கும் கம்பெனிக்கும், இருவருக்குமே, நோட்டீஸ் அனுப்பினேன். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் மேல் கையைக் காட்டுவார்கள். பதிவுத் தபாலைத்தான் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களே, அதில்தான் அனுப்பினேன். ஜாப் கார்டு நகல்கள், ஸ்கேனர் பிரிண்ட், ஃபாஸ்டேக் கணக்கு, கனெக்டர் போட்டோ, நோட்டில் எழுதிய பட்டியல் எல்லாம் வைத்து, பதினைந்து நாள் கெடு கொடுத்தேன். அதற்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவும் தயார் செய்துவிட்டேன்.

ஆணையம் என்றதும் பயப்படுகிறவர்களுக்காகச் சில தகவல். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பது இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முன்னால் ஒரு முயற்சியாக 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வழக்கும் போடலாம். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடுதலாக ஆகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"புதுக் காரே கேளுங்க அத்தை" என்று மருமகன்கள் ஏற்றிவிட்டார்கள். கேட்கவில்லை. ஒரு மாருதி கார் வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருக்கிறது, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனக்கு வேண்டியது டிஸ்ப்ளே. இருப்பதற்கு மேல் கேட்டால், இருப்பதும் சந்தேகமாகிவிடும்.

பதினோராம் நாள் போன் வந்தது. முழுவதும் இலவசம், வண்டியைக் கொண்டுவாருங்கள். போனேன். மாற்றினார்கள். ஜாப் கார்டை நீட்டினார்கள். அதில் மறுபடியும் 'நல்லெண்ண அடிப்படையில், நூறு சதவீதம்'. நான் பேனாவை மூடிவிட்டேன். "காசே இல்லையேம்மா, எந்த வார்த்தையா இருந்தா என்ன?" என்றார் அந்தப் பையன். "அப்படீன்னா வாரண்டின்னே எழுதுங்க தம்பி" என்றேன். மேனேஜர் வந்தார், யாருக்கோ போன் போட்டார்கள், ஒன்றே கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். டீ வந்தது. 'வாரண்டியின் கீழ் மாற்றப்பட்டது' என்று புதுத் தாள் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக ஒன்று. டிஸ்ப்ளே மாற்றினால் ஓடிய கிலோமீட்டர் கணக்கும் அதோடு மாறிப்போகலாம். பழைய அளவு எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று இரண்டையும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு விற்கும்போது மீட்டரைத் திருத்தியவர்கள் என்று நம்மைச் சொல்வார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கார் வைத்திருக்கிற எல்லாரும் வாரண்டி புத்தகத்தை எடுத்து, 'உப்பு' என்ற சொல் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, கமெண்டில் போடுங்கள். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறவர்கள் கட்டாயம். எத்தனை புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது என்று பார்ப்போம். எண்ணி வைக்க நான் ஒரு புது நோட்டு வாங்கிவிட்டேன்.